மறைந்த கட்டத்தில் ஒரு புகார் எண்

படிவத்தில் ஒரு கட்டத்தைக் காட்டுவதும் மறைப்பதும் ஐந்து நிமிட வேலை என்று போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து, காபி குடித்துவிட்டு, எல்லார் வேலையிலும் மூக்கை நுழைப்பவள் நான். அன்று மட்டும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இதுவே பெரிய செய்தி. ஆனால் வந்தபிறகு மனசு கேட்கவில்லை. அந்த ஐந்து நிமிட வேலையில் நான் என்ன கூத்து அடித்தேன், அதிலிருந்து என்னைக் கரையேற்றியது யார் என்பதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன்.

அப்போது நம் அலுவலகம் கீழராஜ வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது. மொத்தம் நான்கு பேர். முதலாளி என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். கோபம் வந்தால் மட்டும் சார் என்பேன். அதனால் நான் சார் என்று ஆரம்பித்தாலே அவர் எழுந்து டீ சொல்லப் போய்விடுவார். இப்போது அவர் உங்களோடும் அதே பொறுமையோடு இருக்கிறார் என்றால், அந்தப் பயிற்சி என்னால் வந்தது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் படிக்க வரும் பெண்களுக்கு இலவச விடுதி நடத்தும் ஒரு அறக்கட்டளை எங்களிடம் வந்தது. பெயர் வேண்டாம். தந்தை இல்லாத பெண்களுக்கு முதலில் இடம், மீதி இடம் மதிப்பெண்படி என்பது அவர்கள் வழக்கம். அதுவரை காகிதத்தில் விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் இணையத்தில் போட வேண்டும் என்றார்கள். படிவம் செய்யும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. விழுந்தது என்று சொல்வது சும்மா. நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பிள்ளைகள் பெரும்பாலும் தாங்களே நிரப்புவதில்லை. அவரவர் ஊரில் உள்ள கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். சென்டரில் இருக்கும் ஆபரேட்டர் கேட்கக் கேட்கப் பதில் சொல்வார்கள். அந்த ஆபரேட்டர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். யார் பெயரும் எனக்குத் தெரியாது. ஊர்ப் பெயர்தான் ஆளின் பெயர். "கீரமங்கலம், போட்டோ பெருசா இருக்கு, சின்னதாக்கி ஏத்துங்க", "குன்றாண்டார்கோவில், மார்க் ஷீட் தலைகீழா இருக்கு" என்று நான் அதட்டுவேன். "சரிங்க மேடம்" என்று பதில் வரும். எனக்கு அது பெரிய ராஜாங்கமாக இருந்தது.

படிவத்தில் ஒரு கேள்வி: தந்தை உயிருடன் இருக்கிறாரா? ஆம், இல்லை என்று இரண்டு பதில். 'இல்லை' என்று தேர்ந்தெடுத்தால் கீழே 'இறப்புச் சான்றிதழ் எண்' என்று ஒரு கட்டம் திறக்கும். 'ஆம்' என்றால் அந்தக் கட்டம் மறைந்துகொள்ளும். அவ்வளவுதான். நான் அதைத் திரையில் மறைத்தேன். ஆனால் விண்ணப்பத்தை வாங்கிச் சரிபார்க்கும் சர்வர் பக்கம் அந்தக் கட்டம் கட்டாயம் என்று எழுதியதை அப்படியே விட்டுவிட்டேன். திரைக்கு ஒரு விதி, சர்வருக்கு ஒரு விதி. நான் சோதித்துப் பார்த்தபோதெல்லாம் 'இல்லை' என்றே தேர்ந்தெடுத்தேன், முக்கியமான பிரிவு அதுதானே என்று. ஒவ்வொரு முறையும் அழகாகப் போய்ச் சேர்ந்தது.

'ஆம்' என்று போட்டவர்களுக்கு என்ன ஆனது என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். சமர்ப்பி என்று அழுத்தினால் பக்கம் திரும்பி வந்து நிற்கும். என்ன தவறு என்றும் சொல்லாது. படிவம் கட்ட நாம் பயன்படுத்தும் பிரேம்வொர்க் பிழைச் செய்தியை அந்தந்தக் கட்டத்தின் கீழேதான் காட்டும். கட்டமே மறைந்து கிடக்கும்போது செய்தி மட்டும் எப்படித் தெரியும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்துவிட்டு, ஏன் சாப்பாடு இறங்கவில்லை என்று கேட்கிற கதை.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்னவென்றால், ஒரு புகார்கூட வரவில்லை. ஒன்பது நாள் விண்ணப்பங்கள் மளமளவென்று வந்தன. "பாத்தீங்களா தம்பி, ஒரு போன் வரல" என்று முதலாளியிடம் பீற்றிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, என் அதட்டலுக்குப் பயந்து ஆபரேட்டர்கள் நான் இல்லாத இன்னொரு குழு வைத்திருந்தார்கள். அதில் இரண்டாம் நாளே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் 'இல்லை' என்று போடு, கட்டம் திறக்கும், அதில் ஒரு புள்ளி வை, மறுபடி 'ஆம்' என்று மாற்று, அழுத்து, போய்விடும். மாவட்டம் முழுக்க அந்தப் புள்ளி பரவிவிட்டது. நான் எழுதிய தவறுக்கு அவர்கள் மருந்து கண்டுபிடித்து, என்னைத் தொந்தரவு செய்யாமல் தாங்களே போட்டுக்கொண்டார்கள். புகார் வரவில்லை என்றால் வேலை சரியாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். உங்களிடம் சொல்லிப் பயனில்லை என்று ஜனங்கள் முடிவு கட்டியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அறக்கட்டளையின் செயலாளர் அம்மாவிடமிருந்து போன் வந்தது. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலிலேயே பிரம்பு இருக்கும்.

"என்னங்க இது, வந்திருக்கிற அத்தனை பிள்ளைக்கும் அப்பா இல்லைன்னு உங்க லிஸ்ட்டு சொல்லுது. எடுத்துப் பாத்தா பாதிக்கு மேல அப்பா இருக்காருன்னும் போட்டிருக்கு, இறப்புச் சான்று கட்டத்துலயும் என்னமோ இருக்கு. செத்தவரா, இருக்கிறவரா? நீங்களே சொல்லுங்க."

சான்றிதழ் கட்டத்தில் ஏதாவது இருந்தால் தந்தை இல்லாதவர் என்று எடுத்துக்கொள்ளும்படி பட்டியலை எழுதியதும் நான்தான். புதிய விண்ணப்பம் வாங்குவது புதன்கிழமையே முடிந்திருந்தது. திருத்தங்களுக்கு அன்று பகல் பன்னிரண்டு மணி வரை நேரம். மாலை ஐந்து மணிக்கு விடுதி வாசலில் பட்டியல் ஒட்ட வேண்டும். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கமிருந்தெல்லாம் பெற்றோர்கள் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

பத்து நிமிடத்தில் தவறைக் கண்டுபிடித்தேன். இருபது நிமிடத்தில் சரிசெய்தேன். 'ஆம்' என்றால் சான்றிதழ் எண் கட்டாயமில்லை. 'ஆம்' என்று சேமித்தால் அந்தக் கட்டத்தில் இருப்பதை வெறுமையாக்கிவிடு. இதுதான் முறையான திருத்தம், இன்றைக்கும் நான் அப்படித்தான் செய்வேன். ஏற்றியும்விட்டேன். இனி ஏற்கனவே வந்து கிடக்கும் குப்பையை அள்ள வேண்டும். ஒரே ஒரு கட்டளை எழுதினேன்: எங்கெல்லாம் தந்தை இருக்கிறார் என்று உள்ளதோ, அங்கெல்லாம் சான்றிதழ் எண்ணைத் துடை. எழுதி முடித்து என்னையே மெச்சிக்கொண்டேன். முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"போட்ருங்கக்கா. அந்தம்மா ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாங்க."

என்டர் பட்டனுக்கு மேல் விரல் இருந்தது. அப்போது என் போன் அடித்தது. கோட்டைப்பட்டினம் என்று காட்டியது.

எடுத்திருக்க மாட்டேன். எரிச்சலில்தான் எடுத்தேன். யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது, அந்த நேரத்துக்குக் கையில் கிடைத்தவர் அவர்.

"மேடம், கோட்டைப்பட்டினத்துல இருந்து பேசுறேன். ஒரு பிள்ளைக்கு போன் நம்பர் மாத்த உள்ள போனேன். சேவ் பண்ணிட்டுத் தெறந்து பாத்தா, அந்த மறைஞ்ச கட்டத்துல நான் போட்டு வச்சது காணோம் மேடம்."

"யாரு உங்கள அதுல போடச் சொன்னது?" என்று கத்தினேன். "எல்லாரும் சேந்து புள்ளி வச்சு விளையாடியிருக்கீங்க. இங்கிட்டு நான் பேச்சு வாங்கிக்கிட்டு இருக்கேன். மறைச்சு வச்ச கட்டத்துல ஒங்களுக்கு என்ன வேலை?"

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. போனையும் வைக்கவில்லை. "நான் புள்ளி வைக்கல மேடம்" என்றார். "ஒரு நிமிஷம் கேட்டுட்டுத் திட்டுங்க."

அந்த ஒரு நிமிடத்தில் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"இங்க ஒரு பிள்ளை. நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு. அவங்கப்பா நாட்டுப்படகுல போனவரு, திரும்பி வரல. படகு மட்டும் கரை ஒதுங்குச்சு. ஒரு வருஷத்துக்கு மேலாச்சு. ஒடம்பு கெடைக்கல, அதனால சான்றிதழும் இல்ல. ஏழு வருஷம் ஆகணும்னு சொல்றாங்க. பிள்ளையோட அம்மா, அந்தக்கா, இன்னமும் பூ வச்சுக்கிட்டுத்தான் இருக்குது மேடம். மொத நாளு வந்தப்ப நான் யோசிக்காம, 'அப்பா இல்லைன்னு போட்ரவா?'ன்னு கேட்டுட்டேன். பிள்ளையக் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. நான்தான் வீட்டுக்குப் போயி, இருக்காருன்னே போடுறேன்க்கா, வாங்கன்னு கூட்டியாந்தேன்."

"சரி, ஆம்னு போட்டீங்க. அப்புறம் கட்டத்துல என்ன?"

"போலீஸ்ல காணாமப் போனதுக்குக் குடுத்தாங்கள்ல, அந்தப் புகார் நம்பரு. பக்கத்துல 'கடலில் காணவில்லை'ன்னு எழுதினேன். பிரிண்ட் எடுத்தா அந்தக்கா கையில 'ஆம்'னு மட்டும்தான் வரும். மறைஞ்சது யார் கண்ணுக்கும் தெரியாதுல்ல. ஆனா உங்ககிட்ட வந்து சேந்துரும்னு நெனச்சேன். நீங்க பாப்பீங்கன்னு நெனச்சேன் மேடம்."

நான் தவறாக எழுதிய இடத்தை அந்த ஆபரேட்டர் பெண் ஒரு கடிதம் போடும் பெட்டியாக்கியிருந்தார். தாய்க்கு ஒரு பதில், எங்களுக்கு ஒரு பதில், இரண்டும் ஒரே படிவத்தில். நான் பத்து நிமிடம் முன்னால் அந்தப் பெட்டியை மூடிவிட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் கொளுத்தப் போய்க்கொண்டிருந்தேன். விரல் என்டருக்கு மேலேயே இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். சுடுசட்டியிலிருந்து எடுப்பதுபோல எடுத்தேன்.

"விடுதி கெடைக்கலன்னா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"இங்கேருந்து தெனம் பஸ்ஸுல போய்வர முடியுமா? நண்டு உரிக்கிற கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பிருவாங்க. பிள்ளையே சொல்லிருச்சு, நான் வேலைக்குப் போறேன்னு."

மதிப்பெண்படி அந்தப் பிள்ளைக்கு இடம் வராது. எடுத்துப் பார்த்துவிட்டேன். நல்ல மதிப்பெண்தான், ஆனால் மீதி இடங்களுக்குப் போட்டி கடுமையாக இருந்தது. அந்த மறைந்த எண்தான் அவளுக்கு ஒரே வழி.

இப்போது முதலாளியிடம் நான் சொன்னது, "சார், இத ஓட்ட வேண்டாம்." அவர் டீ சொல்லப் போகவில்லை. முகம் சிவந்துவிட்டது. "அக்கா, அஞ்சு மணிக்கு லிஸ்ட் ஒட்டணும்" என்றார். "ஒட்டலாம். மொதல்ல அந்தக் கட்டத்துல இருக்கிறதெல்லாம் என் கண்ணால படிக்கணும்" என்றேன். "எல்லாத்தையுமா?" "எல்லாத்தையும்." பதறாத காரியம் சிதறாது என்று ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தவள், அன்றுதான் முதல்முறையாக அதைக் கடைப்பிடித்தேன். காலையில் டேட்டாபேஸிலிருந்து எடுத்திருந்த காப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒன்று ஒன்றாக வாசித்தேன்.

புள்ளி. புள்ளி. ஒன்று. பூஜ்யம். மறுபடி புள்ளி. ஒரு ஆபரேட்டர் எல்லாப் பிள்ளைக்கும் 'அப்பா நல்லாருக்கார்' என்று எழுதியிருந்தார். பார்த்துச் சிரித்துவிட்டேன். இன்னொருவர் தன் சென்டரின் பெயரையே போட்டு வைத்திருந்தார், விளம்பரம் போல. அவற்றுக்கு நடுவே, கீரமங்கலத்திலிருந்து ஒரு வரி: 'சிங்கப்பூர் போனவர், ஆறு வருசமா தகவல் இல்லை.' என் சிரிப்பு நின்றது. இன்னும் கீழே குன்றாண்டார்கோவில்: 'வேற குடும்பம் ஆயிட்டார், வருவதில்லை.' அப்புறம் ஒன்று, ஊர் வேண்டாம்: 'கோர்ட்டில் கேஸ், ஜெயில்.'

கோட்டைப்பட்டினத்துப் பிள்ளையையும் சேர்த்து நான்கு பேர். யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொண்டு செய்ததில்லை. என் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத நான்கு வீடுகள், என் தவறுக்குள் இடம் கண்டுபிடித்துப் பதில் எழுதியிருந்தன. மற்ற மூவருக்காக யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. நான் அந்தக் கட்டளையை ஓட்டியிருந்தால், அப்படி எழுதியிருந்தார்கள் என்பதே உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இங்கே ஒரு சுலபமான வழி இருந்தது. நான்கு பேருக்கும் 'ஆம்' என்பதை 'இல்லை' என்று நானே மாற்றிவிடலாம். ஒரு வரி. பட்டியல் சரியாக வந்துவிடும், இடமும் கிடைத்துவிடும். நல்ல மனசோடு செய்கிற காரியம்தானே என்று எனக்கே தோன்றியது. ஆனால் தேர்வானவர்களுக்கு அறக்கட்டளை அனுப்பும் கடிதம் எனக்குத் தெரியும். 'தந்தையை இழந்த மாணவி என்ற முறையில்' என்றுதான் அது தொடங்கும். அந்த வாசகத்தை நான் அந்தப் பூ வைத்த அம்மாவின் வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஜனங்கள் சொன்ன பதிலை அவர்கள் நன்மைக்காகக்கூட நாம் மாற்றி எழுதக் கூடாது, பிள்ளைகளே. கேள்வி நம்முடையது. பதில் அவர்களுடையது.

மூன்று மணிக்குச் செயலாளர் அம்மாவுக்குப் போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, தப்பு முழுக்க என்னுது. கட்டத்த மறைச்சேன், கட்டாயத்த எடுக்கல. ஆபரேட்டர்க மேல குத்தமில்லைங்க. புள்ளி வச்சதையெல்லாம் இப்ப தொடைச்சுருவேன். ஆனா நாலு பிள்ளைக இருக்காங்க. அவங்கள என்ன பண்றதுன்னு நான் முடிவு பண்ணக் கூடாது. நீங்க பண்ணணும்."

நான்கையும் வாசித்துக் காட்டினேன்.

"படிவத்துல ரெண்டு பதில்தானங்க இருக்கு. அதுல இல்லாதத நான் எப்படிப் பட்டியல்ல வைக்கிறது? நாளைக்கு இன்னொருத்தர் வந்து கேட்டா என்ன சொல்லுவேன்?"

"ரெண்டே பதில் வச்சதும் நான்தாங்கம்மா. கேள்விய நான் தப்பாக் கேட்டுட்டேன்."

"சரி, எப்படிக் கேட்டிருக்கணும்?"

மூன்றாவதாக 'தெரியவில்லை' என்று ஒன்று வைக்கலாமா என்று யோசித்தேன். அந்த அம்மாவிடம் போய் ஆபரேட்டர் 'தெரியலைன்னு போடவா' என்று கேட்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. "பத்து நிமிஷம் குடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, கோட்டைப்பட்டினத்துக்குப் போன் செய்தேன். காலையில் அத்தனை திட்டு வாங்கியவர், மணி அடித்தவுடன் எடுத்தார்.

"நீங்களா இருந்தா இந்தக் கேள்விய எப்படிக் கேப்பீங்க?" என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. தினமும் ஸ்டூலுக்கு எதிரே உட்கார்ந்து கேட்பவர் அல்லவா?

"அப்பா இருக்காரா இல்லையான்னு கேக்காதீங்க மேடம். இப்ப வீட்டுல பிள்ளையப் பாத்துக்கிறது யாருன்னு கேளுங்க. அதுக்கு எல்லார்கிட்டயும் பதில் இருக்கும். யாருக்கும் வாய் கூசாது."

அதை அப்படியே செயலாளர் அம்மாவிடம் சொன்னேன். "யாரு சொன்னா இத?" என்று கேட்டார். "கோட்டைப்பட்டினத்து ஆபரேட்டருங்க." "ம்" என்றார். பிறகு, "நான் தலைவர்கிட்டப் பேசிட்டு வாரேன். பட்டியல் நாளைக்கு மத்தியானம் ஒட்டுறதா வாசல்ல எழுதிப் போடச் சொல்றேன். வந்தவங்களுக்கு நானே நின்னு சொல்லிக்கிறேன்" என்றார். தலைமை ஆசிரியையாக இருந்தவர்கள் ஒரு தவறை ஒத்துக்கொண்டால், அதற்கு வாசலில் போய் நிற்பார்கள். எனக்காக நின்றார். அன்று அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து சும்மா திரும்பிப் போனவர்களுக்கு நான் பட்ட கடன் அது.

சனிக்கிழமை காலையில் நான்கு வீட்டுக்கும் அவரே போன் செய்தார். அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டாராம். கோட்டைப்பட்டினத்து அம்மா "நான்தாங்க பாத்துக்கிறேன்" என்றாராம். வேறு எதுவும் கேட்கவில்லை. நால்வரில் மூவருக்கு முதல் பிரிவில் இடம் கொடுத்தார்கள். சிங்கப்பூர்க்காரரின் மகளுக்கு மாமா வீட்டிலேயே புதுக்கோட்டையில் தங்க வசதி இருந்ததால் அவளே வேண்டாம் என்றுவிட்டாள். கடிதத்தின் தொடக்க வாசகத்தையும் செயலாளர் அம்மா எடுத்துவிட்டார். 'தங்கள் மகளுக்கு விடுதியில் இடம் வழங்கப்படுகிறது' என்று மட்டும் இருந்தது. அடுத்த வருடப் படிவத்தில் பழைய கேள்வியும் இல்லை, மறையும் கட்டமும் இல்லை. பார்த்துக்கொள்வது யார் என்ற ஒரு கேள்விதான். நான் எழுதிய படிவங்களிலேயே சுருக்கமானது அது. அதிலிருக்கும் ஒரே நல்ல வரி என்னுடையது அல்ல.

இந்தத் தொழிலில் எனக்கு வகுப்பு எடுத்தவர்கள் பலர் உண்டு. புத்தகம் கொடுத்தவர்கள், புரோகிராம் திருத்தியவர்கள், சர்வர் விழுந்தபோது கூட உட்கார்ந்தவர்கள். எல்லாருக்கும் நன்றி சொல்வேன். ஆனால் ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று எனக்கே புரியவைத்தது, ஒரு வரி புரோகிராம்கூட எழுதத் தெரியாத, என்னைவிட இருபது வயதாவது இளைய அந்தப் பெண்தான். நான் திட்டியபோது அவர் போனை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். மறு வாரம் குழுவில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். நான் இல்லாத அந்த இன்னொரு குழுவில் என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். யோசித்து, இரண்டு நாள் கழித்துத்தான் சேர்த்தார்கள். நியாயம்தான்.

தேர்வுக் கடிதங்கள் அனுப்பிய வாரத்தில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன் வந்தது. இந்த முறை நான் எடுத்ததும், "சொல்லும்மா" என்றேன்.

"லெட்டர் வந்துருச்சு மேடம். பிள்ளையும் அந்தக்காவும் எடுத்துக்கிட்டு வந்தாங்க, படிச்சுக் காட்டச் சொல்லி."

"சந்தோசமா?"

"உள்ள இருக்கிறத அந்தக்கா ஒரு தடவதான் கேட்டுச்சு மேடம். கவரத்தான் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். படிவத்தில் தந்தை இருக்கிறார் என்று இருந்ததால், வழக்கப்படி கடிதம் தந்தையின் பெயருக்கே போயிருக்கிறது. திரு என்று போட்டு, அவர் பெயர், கதவு எண், தெரு.

"அவுக பேருக்குத் தபால் வந்து எம்புட்டு நாளாச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் கவர ஒரு ஜெராக்ஸ் போட்டுக் கேட்டுச்சு மேடம். ஒரிஜினல கவரோட பிள்ளை ஹாஸ்டலுக்குக் கொண்டு போகணும்ல. இது வீட்டுல இருக்கட்டும், அவுக வந்தா காட்டணும்னு."

"போட்டுக் குடுத்தியா?"

"கலர்லயே போட்டுக் குடுத்தேன் மேடம்."

போனை வைத்துவிட்டு, பாத்திரக் கடைச் சத்தத்துக்கு நடுவே, முதலாளி பார்க்கப் பார்க்க அழுதேன். அவர் டீ சொல்லப் போனார்.